மணல் கொட்டுகிற மகனுக்கு

சின்னப்பாலம், பாம்பன்.

அன்புள்ள மகன் முனியராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். எழுதுவது செல்வி, சொல்வது நான். கையெழுத்தைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்திருப்பாய். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பதால் குனிந்து எழுதக் கூடாதாம். பயப்பட ஒன்றும் இல்லை, கட்டுக்கூட அவிழ்த்தாகிவிட்டது. முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. போனை எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பணம் வந்தது. போதும், இனி அனுப்பாதே. இங்கு எங்களுக்கு என்ன செலவு இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கடிதத்தைச் சூசையின் மகன் கொண்டுவருவான். தூத்துக்குடியில் தோணி ஏறுகிறான். வெங்காயம், உருளைக்கிழங்கு மட்டும் இல்லாமல் ஜல்லிகூட மாலத்தீவு மாலேக்குப் போகிறதாம். நீங்கள் தீவு கட்டுகிற ஊருக்கு இங்கிருந்து கல் போக வேண்டியிருக்கிறது, பார்த்தாயா. நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். வெயிலில் ஒரு முறை காட்டிவிட்டு டப்பாவில் போட்டு வை. உன் அறைக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அறை ஏதும் மாறியிருந்தால் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செல்விக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. தீவுகள் எப்படி உருவாகின்றன என்பது தலைப்பு. தீவு செய்கிறதே என் மகனுக்கு வேலை, மாமாவிடம் கேள் என்றேன். கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே. சரி, நாமே செய்வோம் என்று அவள் புத்தகத்திலும் போனிலும் தேட, நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல, இருவரும் சேர்ந்து ஒன்று தயார் செய்திருக்கிறோம். அதை உனக்குச் சொல்லுகிறேன். தப்பு இருந்தால் திருத்து. எழுத நேரம் இல்லை என்றால் போனிலேயே திருத்து.

சில தீவுகள் கரையிலிருந்து பிரிந்தவை. இலங்கை அப்படித்தான். 20,000 வருடத்துக்கு முன்னால் உலகமே குளிர்ந்து தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்ததாம். நம் பாக் நீரிணையில் ஆழம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அப்போது இங்கிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகி, கடல் ஏறி, நடுவில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

சில தீவுகள் நெருப்பில் பிறக்கின்றன. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பர் 14 அன்று ஒரு மீன்பிடிப் படகில் இருந்தவர்கள் தூரத்தில் புகையைப் பார்த்தார்களாம். முதலில் பார்த்தவர் படகின் சமையல்காரர். ஏதோ கப்பல் தீப்பிடித்துவிட்டது, காப்பாற்றலாம் என்று போயிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் கடலே கொதித்துக் கல்லைக் கக்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்தது சர்ட்சி என்கிற தீவு. 1967 வரை வளர்ந்தது. அன்றிலிருந்து அலை தின்றுகொண்டே இருக்கிறது, பாதி போய்விட்டது. எனக்குப் பிடித்தது அந்தப் படகுக்காரர்கள்தான். எரிகிறது என்று தெரிந்தும் போயிருக்கிறார்கள் பார்.

வந்த வேகத்தில் போனவையும் உண்டு. வங்காளக் கரையில் 1970 புயலுக்குப் பிறகு ஆற்று வண்டல் சேர்ந்து ஒரு திட்டு எழும்பியது. இந்தியா எங்களுடையது என்றது, வங்கதேசமும் எங்களுடையது என்றது. இவர்கள் பேசி முடிப்பதற்குள், 2010-ல் பார்த்தால் திட்டையே காணோம். பாகிஸ்தானில் குவாதர் பக்கம் 2013-ல் நிலநடுக்கம் வந்தபோது கடலுக்குள்ளிருந்து சேறு பொங்கி ஒரு தீவு வந்தது. சனங்கள் படகில் போய் ஏறி நின்று படம் எடுத்தார்களாம். மூன்று நான்கு வருடத்தில் அதுவும் கரைந்துவிட்டது. இதையெல்லாம் செல்வி வாசித்தபோது எனக்கு நீ அனுப்பிய படம்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் தீவுகள் வேறு வகை. குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு என்று தொடங்கித் தூத்துக்குடி வான் தீவு வரைக்கும் 21 என்று கணக்கு. இவற்றைக் கட்டியது முருகைக்கல். நாம் கல் என்கிறோம், அது ஒரு உயிர். கடுகளவுப் பூச்சி, கடல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன் காலடியிலேயே வீடு கட்டிக்கொள்கிறது. அது செத்தால் அதன் மேல் அடுத்தது. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருந்து, வெயிலை வாங்கிச் சோறு ஆக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் முருகைப் பார், அதாவது பவளத் திட்டு, வளர்வதில்லை. 2016-ல் தண்ணீர் சூடேறியபோது அந்தப் பாசி வெளியேறித்தான் பார் எல்லாம் வெளுத்துப்போனது. இத்தனை வருடம் பாசி எடுத்துப் பிழைத்தவள் நான், இந்தப் பாசியைப் பற்றிப் பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் மணல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். முகத்தில் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகரத்தட்டைக் கட்டிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசிக்கு மூழ்கினால், முதலில் காதில் விழுவது கிளிமீன் கல்லைக் கடிக்கிற சத்தம். கறுக் கறுக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடித்துவிட்டு நாலு முழம் நகரும். பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை போல ஒன்று இறங்கும். அதுதான் மணல். நாங்கள் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நீ இருக்கிற மாலத்தீவில் ஒரு தீவைச் சுற்றி ஆராய்ச்சி செய்தவர்கள், புதிதாகச் சேருகிற மணலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கிளிமீன் போட்டதுதான் என்று 2015-ல் எழுதியிருக்கிறார்களாம். சிரித்தது தப்பில்லை, விஷயம் சரி.

மீதியைப் புயலும் அலையும் செய்கின்றன. அலை பாரை உடைத்துச் சல்லியாக மேட்டில் ஏற்றுகிறது. துவாலுவில் 1972-ல் அடித்த புயல் ஒரே இரவில் 19 கிலோமீட்டர் நீளத்துக்குச் சல்லியை மேடு போட்டதாம். புயல் தீவை அழிக்கும் என்றுதான் 64 தனுஷ்கோடிப் புயலுக்குப் பிறகு நம் ஊரில் பேச்சு. தீவைக் கொண்டுவந்து போடுவதும் அதே புயல்தான். சல்லி மேட்டில் மணல் சேரும். அடம்புக் கொடி முதலில் வரும், பிறகு இராவணன் மீசை. இந்த இரண்டும் வேர் விட்டுப் பிடித்த பிறகுதான் மணல் ஓர் இடத்தில் நிற்கும். அப்போதும் முழுதாக நிற்காது. சோழகக் காற்றில் ஒரு பக்கம் கரை நீளும், வாடைக் காற்றில் மறுபக்கம் நீளும். முயல் தீவில் நாங்கள் கஞ்சி காய்ச்சிய இடம் ஆறு மாதத்தில் தண்ணீருக்குள் இருக்கும். மறுபடி சோழகம் திரும்பினால் அதே இடத்தில் மணல் ஏறியிருக்கும். உங்கள் மாலத்தீவிலும் காற்று மாறினால் இப்படித்தான் மணல் தீவைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று செல்வி வாசித்தாள். நீ இதையெல்லாம் கருவியை வைத்து அளக்கிறவன். உனக்குத் தெரியாததா?

மாலத்தீவுக் கதையைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். ஆறு கோடி வருடத்துக்கு முன்னால் அங்கே எரிமலைகள் இருந்தனவாம். மலை ஆற ஆறத் தன் பாரத்தில் கடலுக்குள் அமிழ்கிறது. மலையைச் சுற்றி ஒட்டியிருந்த பார் மட்டும், வெளிச்சத்தை விடக் கூடாது என்று மேலே மேலே வளர்கிறது. மலை போய்விட்டது, வளையம் நிற்கிறது. குடத்தை இறக்கிவிட்டுச் சும்மாட்டை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. இதை டார்வின் 1842-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். எல்லோரும் நம்பிவிடவில்லை. 1952-ல் பசிபிக் கடலில் எனிவெடாக் என்கிற இடத்தில் அமெரிக்கர்கள் ஆழக் குழாய் இறக்கிப் பார்த்தார்கள். 1,200 மீட்டருக்கு மேல் வெறும் பவளச் சுண்ணாம்பு, அதற்குக் கீழே எரிமலைக் கல். நூறு வருடம் கழித்து மனிதன் சொன்னது சரியாகப் போயிற்று. இந்தப் பகுதிக்குத்தான் கைதட்டல் வரும் என்று செல்வி சொல்கிறாள். மலை மூழ்குகிற வேகத்துக்குப் பார் வளர்ந்துகொண்டே இருந்தால்தான் தீவு. ஒரு நாள் நின்றாலும் வெளிச்சம் விலகும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். பெரிய குழாய், அதன் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீரும் மணலும் பாய்கிறது. நீ மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு முக்காலிக் கருவி பக்கத்தில் நிற்கிறாய். படத்தை அக்கா பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். மேலத்தெரு ஆட்கள் வந்தால் நான் வேண்டுமென்றே அதன் கீழேதான் உட்காரச் சொல்கிறேன். அவ்வளவு பெருமை. ஆனால் படத்தை நான் நன்றாகப் பார்த்தேன். ஒரு காக்கை இல்லை. ஒரு நண்டு வளை இல்லை. அடம்புக் கொடி ஒரு முழம் இல்லை. கண்ணுக்கு எட்டுகிற மட்டும் மணல். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பக்கத்துக் கடலடியிலிருந்து உறிஞ்சுகிறோம் என்றாய். உறிஞ்சுகிற இடத்தில் கலங்கிய தண்ணீர் பார் மேல் படிந்தால் அது மூச்சு முட்டிச் சாகுமே என்றேன். அரசாங்கம் அனுமதி கொடுத்திருக்கிறது அம்மா என்றாய். அனுமதி கொடுத்தது அரசாங்கம், பார் இல்லையே.

நீ ஐந்தாம் வகுப்பில் படித்தபோது யாரோ வந்து பள்ளியில் பேசிவிட்டுப் போனார்கள். முருகைக்கல் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்த சமயம். அன்று இரவு சாப்பாட்டில் உட்கார்ந்து உன் அப்பாவைப் பார்த்து, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் முழுகினதற்கு நீங்கள்தான் காரணம் என்றாய். வள்ளத்தில் கல் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்ற மனிதர் ஒன்றும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு நாளும் கல்லுக்குப் போகவில்லை. அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டுகிறேன் என்றே வைத்துக்கொள். அப்பாவும் வயிற்றுக்குத்தான் செய்தார், நீயும் வயிற்றுக்குத்தான் செய்கிறாய். அவர் கையில் கடப்பாறை, உன் கையில் கருவி. அவரைக் கேட்ட வாயால் உன்னை நீயே கேட்டுக்கொண்டு, சண்டை போட்டுவிட்டு எதையாவது விட்டுவந்துவிடுவாயோ என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்படிச் செய்யக் கூடியவன்தான் நீ. செய்திருந்தாலும் நான் திட்ட மாட்டேன். செய்யாமல் இருந்தால் மிகவும் நல்லது, வீட்டுக் கடன் இருக்கிறது. (எழுதுகிறவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். எழுது என்கிறேன்.)

அடுப்படிச் சுவரில் பூச்சு உதிர்ந்து கல்லில் பூப்பூவாகத் தெரிகிறதே, நீ விரலை விட்டு எண்ணுவாயே, அந்த இடத்தைச் சிமெண்ட் பூசலாம் என்று அக்கா சொல்கிறாள். நீ வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வான் தீவைக் காப்பாற்றக் காங்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து ஆயிரக்கணக்கில் கடலில் இறக்கினார்கள். நீ படிப்பு முடித்த புதிதில் அதைப் பார்க்கப் போய்விட்டு வந்து இரவெல்லாம் பேசினாய். அலையின் வேகத்தை அது உடைக்கிறது, பின்னால் மணல் தங்குகிறது, செயற்கைப் பாரிலேயே முருகை ஒட்டி வளர்கிறது என்றாய். அந்த வேலைக்குத்தான் போவேன் என்றாய். அதில் சம்பளம் குறைவு என்று மாலேக்குப் போகச் சொன்னது யார் என்று நான் இப்போது பேசப் போவதில்லை. பெரியப்பா வீட்டு வழக்கு நடந்த நேரம் அது, எல்லாம் உனக்குத் தெரியும்.

கொட்டின மணல் தீவு ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1997-ல் கொட்டத் தொடங்கிய ஹுல்ஹுமாலேயில் இன்றைக்கு ஆயிரக்கணக்கான சனங்கள் குடும்பம் நடத்துகிறார்கள் என்று நீதான் சொன்னாய். அந்த ஊரில் இடம் இல்லை, கடல் ஏறுகிறது, அவர்கள் எங்கே போவார்கள்? எனக்கு அது புரிகிறது. ஆனால் சும்மா விட்ட தீவுக்கு அலை ஏறும்போது மணலையும் கூடவே கொண்டுவந்து போட்டு உயர்த்திவிடும். சுவர் வைத்துவிட்டால் மணல் ஏறாது. பிறகு மனிதன்தான் காலத்துக்கும் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு தீவு பிழைக்குமா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். மனோலியில் மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி முழங்கை ஆழம் மணலைப் பறித்துவிட்டு ஒரு பீடி பிடிக்கிற நேரம் காத்திருந்தால் அடியில் தண்ணீர் ஊறும். சிரட்டையால் மெதுவாக மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசானது, மணலுக்குள் அதன் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது என்று செல்வியின் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. தீவில் இறங்கக் கூடாது என்று சட்டம் இறுகுகிற வரைக்கும் நாங்கள் குடித்தது அந்தத் தண்ணீர்தான். உன் தீவில் குடிக்கத் தண்ணீர் இயந்திரத்திலிருந்து வருகிறது என்றாய். நிறையக் குடி. அந்த வெயிலுக்குத் தலையில் தொப்பி மட்டும் போதாது, துண்டையும் கட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு என்று மூன்றாவது தடவை எழுதச் சொல்கிறீர்களே அம்மாச்சி என்று செல்வி சிரிக்கிறாள்.

வேறு செய்தி. புது ரயில் பாலம் திறந்த பிறகு பாம்பன் முழுக்க வேடிக்கை பார்க்கிற கூட்டம். கறுப்பாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. அக்கா மாப்பிள்ளை இப்போது குடிப்பதில்லை, எத்தனை நாளைக்கோ. மஞ்சள் பெட்டி பத்திரமாக இருக்கிறது. செல்விக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறாள். பேச்சுப் போட்டிக்கு மாமா வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளாகவே எழுதிக்கொள்கிறாள்.

தம்பி, அவள் போய்விட்டாள். இதை நானே எழுதுகிறேன். ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரி ஏறி இறங்கும்.

பாஸ்புக்கை நான் பார்த்தேன். சித்திரையிலும் வைகாசியிலும் பணம் போட்டிருக்கிற பெயர் உன் பெயர் இல்லை. யாரிடம் கடன் வாங்கி அனுப்பினாய்? சூசையின் மகன் போன தடவை வந்தபோது, அந்த வேலை நின்று கப்பல் வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று சொன்னான். நீயும் கூடப் போயிருப்பாய் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தை எழுதும்போது இதை எப்படிக் கேட்பது?

அந்த இரண்டு மாதப் பணத்தை நான் எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. வாங்கினவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். டிக்கெட்டுக்கு என் தோட்டை வைத்துக்கொள்ளலாம். அதற்கு அழாதே, அதை நான் போடுவதே இல்லை. மாலேயிலிருந்து திருவனந்தபுரம் வரை எவ்வளவு ஆகும் என்று மட்டும் செல்வி போனுக்கு எழுது. அவள் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்படிக்கு
அம்மா